மேஜரின் கூண்டும் செயலாளரின் மருவும்

"மனிதகுலம் நாகரிகம் அடைந்த வரலாறு என்பது, ஒட்டுண்ணிகளிடமிருந்து அது விடுதலை பெற்ற வரலாறே ஆகும்."

குடியிருப்போர் நலச்சங்க வெள்ளி விழா மலருக்கான கட்டுரையின் முதல் வாக்கியம் இது. எழுதியவர் சங்கச் செயலாளர் ஜோசப்ராஜ். எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தார், திருப்தியாகப் பேனாவை மூடினார், கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கித் தொடையைச் சொறிந்துகொண்டார்.

தொண்ணூற்றொன்றாம் வருடம், மே மாதம். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஜோசப்ராஜ் சார்ஜ்மேன். ஃபோர்மேனாக ஆகியிருக்க வேண்டியவர் என்பது அவருடைய கருத்து. தொழிற்சாலைக்கு அப்படி ஒரு கருத்து இதுவரை ஏற்படவில்லை. அதனால் மிச்சமிருந்த அதிகாரத்தையெல்லாம் குவார்ட்டர்ஸில் செலவழித்துக்கொண்டிருந்தார். அங்கே வீடுகளை டைப் டைப்பாகப் பிரித்திருந்தார்கள். டைப் ஒன்றுக்குக் குழாய் பொது. டைப் இரண்டுக்குக் குழாய் சொந்தம், தண்ணீர் வராது. டைப் மூன்றுக்குத் தண்ணீரும் வரும், வாசலில் ரோஜாச் செடி வைக்க இடமும் உண்டு. ஜோசப்ராஜ் டைப் மூன்று. இந்த ஏற்பாடு உண்ணிகளுக்கும் தெரிந்திருக்கும் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

அவர் வீட்டு நாய் ஓர் அல்சேஷன். துணை ராணுவ முகாமிலிருந்து மாற்றலாகிப் போன பஞ்சாபி ஹவில்தார் ஒருவரிடம் குட்டியாக வாங்கியது. பெயர் மேஜர். ஹவில்தாருக்கு அப்படிப் பெயர் வைக்கத் துணிச்சல் வந்திருக்காது, சார்ஜ்மேனுக்கு வந்தது. "மேஜர், உட்கார்" என்று உத்தரவு போட்டு ஒரு மேஜர் உட்காருவதைப் பார்க்கிற சுகம் தொழிற்சாலையில் கிடைக்காது. அங்கே மேஜர் வந்தால் இவர்தான் எழுந்து நிற்க வேண்டும்.

நாயைவிடப் பெரிய பெருமை, நாயின் கூண்டு. பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய ராணுவச் சாமான் விற்கிற துலுக்கானத்தின் கடையில் கிடைத்தது. தேக்குப் பலகை, ராணுவப் பச்சைப் பெயிண்ட், நெற்றியில் வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர். பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ஜோசப்ராஜ் வெடிப்பைப் பார்த்துத் தயங்கியபோது துலுக்கானம் நம்பரைக் காட்டினான்.

"இன்னா நைனா யோசிக்கிற? மிலிட்டரி நாய் படுத்துகினு இருந்த கூண்டு இது. உள்ள தலைய வுட்டு மோந்து பாரு, வீரம் வருதா இல்லியா?"

ஜோசப்ராஜ் தலையை விட்டு மோந்து பார்த்தார். வீரம் வந்தது. அன்றே ட்ரைசைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் நம்பரைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் காப்பி. வெடிப்புகளை அடைத்து ஒரு கோட் பெயிண்ட் அடிக்கலாமே என்று அவர் மனைவி ஹில்டா சொன்னபோது, ஒரு சரித்திரச் சின்னத்தின் மேல் பிரஷ் வைக்கும் குடும்பம் இது இல்லை என்று பதில் வந்தது. வராந்தாவில் கூண்டு. அதை ஒட்டினாற்போல் அவருடைய சாய்வு நாற்காலி. காலை ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கூண்டின் கூரையில் தலையைச் சாய்த்துத் தூங்குவார். ஒரு படைப்பிரிவே தனக்குக் காவல் இருப்பதுபோலத் தூக்கம் வரும் என்பார்.

அந்தக் கோடையில் குவார்ட்டர்ஸ் முழுக்க உண்ணி. ஜோசப்ராஜ் உடனே நடவடிக்கை எடுத்தார், அதாவது அறிவிப்புப் பலகையில் ஓர் அறிவிப்பை ஒட்டினார். "உண்ணி என்பது பூச்சி அல்ல, ஒழுக்கக் குறைவு. தகுதியற்ற நாய்களை அவற்றின் உரிமையாளர்கள் உடனே கட்டிப்போட வேண்டும்." கீழே கையெழுத்து, பதவி, ரப்பர் ஸ்டாம்பு.

தகுதியற்ற நாய் என்றால் எது என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்வரிசை டைப் இரண்டில் ஃபிட்டர் மணவாளன் வளர்க்கிற ரவுடி. வளர்க்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அது அங்கே வளர்ந்தது. மணவாளன் சாயங்காலம் படியில் உட்கார்ந்து, ரவுடியை மடியில் சாய்த்துக்கொண்டு, உண்ணிகளைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்குவார். வராத உண்ணிக்குப் பீடி நெருப்பைக் காட்டுவார். அதில் ரவுடிக்கும் கொஞ்சம் சுடும். அறிவிப்பை மணவாளன் ரவுடியைப் பக்கத்தில் நிறுத்திவைத்து உரக்கப் படித்துக் காட்டினார்.

"கேட்டுக்கினியாடா ரவுடி? உனுக்குத் தகுதி பத்தலயாம். போயி டிப்ளமா படிச்சிட்டு வா."

ஜோசப்ராஜ் காதில் இது விழுந்தது. அன்று மாலையே தன் வீட்டைச் சுற்றிக் கமாக்ஸின் பூச்சிமருந்துப் பவுடரால் ஒரு கோடு போட்டார். எதிரி எல்லை தாண்டக் கூடாது. காலையில் அதைப் பார்த்த கோயில் உபதேசியார், கிறிஸ்தவர் வீட்டு வாசலில் கோலம் போடுகிற பழக்கம் எப்போதிலிருந்து என்று விசாரித்துவிட்டுப் போனார். கோட்டில் எறும்புகள் செத்துக் கிடந்தன. எதிரி எல்லை தாண்டவில்லை. தாண்ட வேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

இது ஹில்டாவுக்குத் தெரியும். பிள்ளைகள் இரண்டும் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்க, மேஜர்தான் அவளுடைய பகல் முழுவதும். அவள் சமைத்தால் அடுப்படி வாசலில் படுக்கும், துணி உலர்த்தப் போனால் கூடவே வரும், அவள் ஜெபமாலை சொன்னால் ஐந்தாவது மணியில் குறட்டை விடும். அதன் காது மடிப்புக்குள் கடுகு கடுகாக எதுவோ ஒட்டியிருப்பதை ஒருநாள் பார்த்தாள். கால்விரல் இடுக்குகளில் கடுகைவிடப் பெரிதாக, ஊறவைத்த துவரைபோல, சாம்பல் நிறத்தில் இன்னும் சில. புருவ முடி பிடுங்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, பழைய தைல பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் போட்டாள். மறுநாள் பார்த்தால் அதே இடத்தில் புதிதாக இருந்தன.

தினமும் மாலையில் ஜோசப்ராஜும் மேஜரை டியூப்லைட்டுக்கு அடியில் நிறுத்திப் பரிசோதனை செய்வார். முதுகு ஓகே. வலது பக்கம் ஓகே. இடது பக்கம் ஓகே. வால், மேற்பகுதி மட்டும், ஓகே. பெரிய அதிகாரி வருகிற நாளில் டாங்கியைப் பார்க்கிற பரிசோதனை அது. வெளியே தெரிகிற இடம் மினுமினுக்கிறதா என்பதுதான் கேள்வி. காதுக்குள், கால் இடுக்கில், வாலுக்கு அடியில் பார்ப்பது மேஜரின் பதவிக்கு மரியாதை அல்ல என்று விட்டுவிடுவார்.

ஹில்டா பாட்டிலைக் காட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது வந்தது, ஹில்டா. இருந்தது இல்ல."

"எங்கிருந்து வந்ததுங்க?"

அவர் எதிர்வரிசையைப் பார்த்து மோவாயை ஆட்டினார். பிறகு, இந்தப் பாட்டில் விஷயம் நாலு சுவருக்கு வெளியே போகக் கூடாது என்றார். செயலாளர் வீட்டில் உண்ணி என்று ஒரு பேச்சு கிளம்பினால் அறிவிப்புப் பலகைக்கு என்ன மரியாதை? விழாவுக்குத் தொழிற்சாலை ஜி.எம். வருகிறார். விழா முடிந்து இந்த வீட்டுக்கே காப்பி குடிக்க வருகிறார். மேஜரையும் கூண்டையும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஃபோர்மேன் ஃபைல் அவர் மேசையில் இருக்கிறது. இதற்கு நடுவில் உண்ணியா?

ஜி.எம்.மின் வருகை மட்டுமல்ல, வேறொரு நல்ல சகுனமும் அதே வாரம் வந்து சேர்ந்தது. மலருக்குப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஜோசப்ராஜ் முடிவெட்டிக்கொள்ளப் போனார். நாற்காலியில் சாய்த்து இடது காதை மடித்துக் கத்தி வைக்கப்போன வேம்புலி, கையை நிறுத்தினான்.

"அண்ணாத்தே, காதுக்குக் கீழ புச்சா ஒரு மரு கீது. முன்னாடி இல்லியே."

ஜோசப்ராஜ் தொட்டுப் பார்த்தார். வழவழவென்று, பயறு அளவில், அசையாமல் இருந்தது. வலிக்கவில்லை.

"இந்த எடத்துல மரு வந்தா சும்மா வராது," என்றான் வேம்புலி. கத்தியைப் பட்டையில் தீட்டிக்கொண்டே, அவன் மாமனாருக்குத் தெரிந்த ஒரு போலீஸ்காரருக்கு இதே இடத்தில் வந்ததையும், அவர் இப்போது ஜீப்பில் போவதையும் விவரித்தான்.

தான் ஒரு கத்தோலிக்கன், இந்த மூடநம்பிக்கைகளில் தனக்கு ஈடுபாடு இல்லை என்று ஜோசப்ராஜ் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு, போலீஸ்காரருக்கு வந்தது இடது பக்கமா, வலது பக்கமா என்று கேட்டார். இடது என்றான் வேம்புலி. கத்தி பட்டுவிடாமல் பார்த்துக்கொள் என்றார் ஜோசப்ராஜ்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனார். நேராகப் பார்க்கிற போஸ் வேண்டாம், தலைவர்களுக்கு வைப்பதுபோல் பக்கவாட்டில் வேண்டும் என்றார். எந்தப் பக்கம் என்பதையும் அவரே சொன்னார். போட்டோக்காரர் நெகட்டிவைப் பார்த்துவிட்டு, காதுக்குக் கீழே ஏதோ புள்ளி விழுந்திருக்கிறது, பென்சிலால் டச்சப் செய்து எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல, ஜோசப்ராஜ் பதறிப்போனார். முகத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், அந்த இடத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது, முடிந்தால் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றார். செயலாளர் படத்துக்காகத்தான் மலர் காத்திருந்தது. அன்றே படம் அம்பத்தூர் பிரஸ்ஸுக்குப் போய் பிளாக் எடுக்கப்பட்டது.

வீட்டில் ஹில்டாவிடம் மருவைப் பற்றிச் சொன்னார். அவள் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது மேஜரை. அன்று கேட் திறக்கிற சத்தம் கேட்டும் அது எழுந்து வரவில்லை.

அதற்கடுத்த நாள் எலும்பைத் தொடவில்லை. கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்திருந்தது. தூணோரம் ஒன்றுக்குப் போயிருந்த இடத்தைப் பார்த்தாள். டிகாக்ஷன் கொட்டியதுபோல இருந்தது.

அக்னி நட்சத்திரம், வெயில் சூடு என்றார் ஜோசப்ராஜ். இளநீர் கொடுக்கச் சொன்னார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளில் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றிவைத்து வேண்டிக்கொண்டார். வேண்டுதலில் உண்ணி என்கிற வார்த்தையை மட்டும் கவனமாகத் தவிர்த்துவிட்டார். பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர் டைப் இரண்டைச் சேர்ந்தவர்.

மேஜருக்கு எழுந்து நிற்கவே முடியாமல் போனபோது, ஹில்டா பூந்தமல்லி ரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றாள்.

"மாட்டாஸ்பத்திரிக்கா? மேஜரையா?"

கால்நடை மருத்துவமனை என்று போர்டில் மட்டும்தான் இருந்தது. ஊரில் அதன் பெயர் மாட்டாஸ்பத்திரி. எருமைக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஓர் அல்சேஷன் வரிசையில் நிற்பதை ஜோசப்ராஜால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிட, அங்கே நிற்பதைத் தொழிற்சாலையில் யாராவது பார்த்தால் என்ன காய்ச்சல் என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விழா முடியட்டும், திங்கட்கிழமை வேப்பேரிப் பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்கே டாக்ஸி வைத்துக் கொண்டுபோகலாம், ராஜ வைத்தியம் பார்க்கலாம் என்றார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் அது இருக்கணும்லங்க," என்றாள் ஹில்டா.

அவர் விழாவில் படிக்க வேண்டிய வரவேற்புரையைத் திருத்திக்கொண்டிருந்தார். அவள் தெருவைக் கடந்து மணவாளன் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஜோசப்ராஜ் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆட்டோ வாசலில் நின்றது. மணவாளன் கமாக்ஸின் கோட்டைச் செருப்புக் காலால் அழித்துக்கொண்டே உள்ளே வந்து, மேஜரைக் கம்பளியோடு வாரித் தூக்கினார்.

"இன்னா சார், மேஜரு இப்பிடி எளச்சிட்டாரு? ரிட்டயராயிட்டாரா?" என்று கேட்டவர், ஹில்டாவின் முகத்தைப் பார்த்ததும், மேஜரை ஆட்டோவில் படுக்கவைத்துவிட்டுத் தன் வீட்டுப் படிக்குத் திரும்பினார்.

தனியாக அனுப்பினால் இவள் என்ன சொல்லிவைப்பாளோ என்கிற பயத்தில் ஜோசப்ராஜும் கிளம்பினார். கிளம்புமுன் மேஜரின் முதுகை ஈரத் துணியால் துடைத்துச் சீவிவிட்டார். தானும் டை கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை. மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் ஞானகுமாரி ஒரு பசுவுக்குள் தோள்வரை கையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். பெயர்ப்பலகையைப் படித்த ஜோசப்ராஜுக்கு உற்சாகம் வந்தது. எந்தப் பங்கு, எந்தக் கோயில் என்று கேட்டார். டாக்டர் பசுவுக்குள்ளிருந்து கையை எடுக்காமல், வரிசையில் நிற்கச் சொன்னார்.

சீட்டு எழுதுகிறவர், "மேஜர் யாரு, வாங்க," என்று கூப்பிட்டபோது முன்னால் நின்ற ஆட்டுக்காரர்கள் டையைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜோசப்ராஜ் அதைத் திருத்தவில்லை. நெஞ்சை நிமிர்த்தி ஐந்தாறு அடி நடந்தார். பின்னால் ஹில்டா நிஜ மேஜரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார், சுரம் பார்த்தார், மூத்திரத்தின் நிறம் கேட்டார். காதையும் விரல் இடுக்கையும் பிரித்துப் பார்த்தார். ஹில்டா விடியற்காலையில்தான் சுத்தம் செய்திருந்தாள்; ஒன்றும் இல்லை.

"வீட்ல உண்ணி இருக்கா?"

"எங்க வீட்ல அந்தப் பேச்சுக்கே இடமில்ல, டாக்டர்."

"பேச்சக் கேக்கல. உண்ணியக் கேட்டேன்."

இந்த மாதிரி வெளுத்துப்போய் வருகிற நாய்க்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்றார் டாக்டர். எலி மூத்திரத்தால் வருகிற காய்ச்சல் ஒன்று, உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி ஏறி வருவது ஒன்று. அதற்கு இருக்கிற மருந்து இதற்கு உதவாது. இதற்குப் போடுகிற ஊசி முரட்டு ஊசி, இருக்கிற உடம்புக்குத் தாங்குமா என்று பார்த்துத்தான் போட வேண்டும். ரத்தத்தைப் பட்டணத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை காத்திருக்க இந்த நாய்க்கு அவகாசம் இல்லை. அதனால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஜோசப்ராஜ் டையைச் சரிசெய்துகொண்டார். அது உயர்சாதி நாய் என்றும், ராணுவச் சூழ்நிலையில் வளர்கிறது என்றும், எலிகள் விஷயத்தில் வேண்டுமானால் தான் உறுதி கூற முடியாது என்றும் ஆரம்பித்தார்.

ஹில்டா கைப்பையைத் திறந்து தைல பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். முக்கால் பாட்டில் இருந்தது.

டாக்டர் ஊசியை எடுத்தார்.

மருந்து ஏறும்போது மேஜர் ஒரு தடவை முனகியது. ஹில்டா அதன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் எதிர்வீட்டு நாயிலிருந்து வந்தது என்று ஜோசப்ராஜ் பொதுவாகச் சொன்னார். பக்கத்திலிருந்த எருமையைத் தவிர யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் ஹில்டாவிடம்தான் பேசினார். நாயைச் சுத்தம் செய்தால் பாதி வேலைதான் ஆனது. உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் நாயிலிருந்து கீழே விழுந்துவிடும். சுவர் வெடிப்பு, கதவு இடுக்கு, பலகைச் சந்து என்று பார்த்துப் புகுந்து, ஆயிரக்கணக்கில் முட்டை போடும். குஞ்சுகள் ஏறி வந்து காத்திருக்கும். அதனால் நாய்க்கு மருந்துக் குளியல் போடுகிற அன்றே வீட்டுக்கும் மருந்து அடிக்க வேண்டும். குளிப்பாட்டி உடம்பு காய்கிறவரை நாய் நக்காமல் வாயைக் கட்டிவைக்க வேண்டும். உண்ணியைக் கையால் நசுக்கக் கூடாது, நெருப்பு வைக்கக் கூடாது. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நீங்கள் செய்ததுதான் சரி என்றார். பிறகு, நாய் எங்கே படுக்கும் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மட்டும் ஜோசப்ராஜ் முந்திக்கொண்டார். கூண்டின் வரலாற்றைச் சொன்னார். தேக்கு என்றார். நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

"பலகையில வெடிப்பு இருக்கா?" என்றார் டாக்டர்.

"நிறைய," என்றாள் ஹில்டா.

"கொளுத்திடுங்க."

"டாக்டர், அது மிலிட்டரிக் கூண்டு."

"ஊசி போட்டுத் திரும்ப அதுலயே படுக்க வெச்சீங்கன்னா, அடுத்த தடவ இங்க தூக்கிட்டு வரவேண்டாம் சார். அப்பிடியே பொதச்சிடுங்க."

ஹில்டா கணவரைப் பார்த்தாள். அவர் நாளைக்கு ஜி.எம். வருகிறார் என்றார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன் என்றார். விழா முடிந்ததும் வெடிப்புகளை மரத்தூள், பசை மாதிரி எதையாவது வைத்து அடைத்துவிடலாம் என்றார். பேச்சை முடித்துக்கொள்ளும் விதமாகக் குனிந்து மேஜரைத் தூக்கப் போனார். அவருடைய இடது காது டாக்டரின் முகத்துக்கு நேராக வந்தது.

"அப்பிடியே இருங்க. இது என்ன?"

"மரு," என்றார் ஜோசப்ராஜ், குனிந்தபடியே. "புதுசா வந்தது. நல்ல இடத்துல வந்திருக்குன்னு சொல்றாங்க. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்க கிடையாது."

டாக்டர் விளக்கை இழுத்துப் பிடித்தார்.

"மருவுக்குக் கால் இருக்காது சார்."

இடுக்கி தோலோடு ஒட்டிப் பிடித்தது. சுருக்கென்று ஒரு வலி. டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு வாரச் சாப்பாட்டில் பருத்து, மினுமினுப்பாக, எட்டுக் கால்களையும் மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது. ஹில்டா பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினாள். உள்ளே விழுந்தது.

"இதுவும் எதிர்வீட்டு நாய்கிட்டேருந்து வந்ததாங்க?" என்று கேட்டாள்.

சாய்வு நாற்காலி எங்கே இருக்கிறது, அவர் தலையை எங்கே வைத்துத் தூங்குகிறார் என்பதை டாக்டருக்கு அவளே விளக்கினாள். அவருக்குச் சுரம் கண்டாலோ உடம்பில் தடிப்பு வந்தாலோ மனுஷ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு, டாக்டர் எருமையைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் காதுக்குக் கீழே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆவடி எல்லை வந்ததும் ஜோசப்ராஜ் தொண்டையைச் செருமினார்.

"கொளுத்திடு," என்றார்.

அன்று மாலையே குவார்ட்டர்ஸ் பின்பக்க மைதானத்தில் கூண்டு எரிந்தது. மண்ணெண்ணெய் மணவாளனுடையது. நம்பர் எழுதிய பலகையை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று ஜோசப்ராஜ் கேட்டார். ஹில்டா அதைத்தான் முதலில் நெருப்பில் போட்டாள். தீ வெடிப்புகளுக்குள் இறங்கியபோது, கடாயில் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மணவாளன் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். மேஜருக்குக் குளியல் போட்டு, வீட்டுக்கும் அடித்தது போக மிச்சமிருந்த மருந்துத் தண்ணீரில் ஹில்டா ரவுடியையும் குளிப்பாட்டிவிட்டாள். மணவாளனின் பீடியை வாங்கித் தீயில் போட்டு, இனிமேல் நாய்க்குச் சூடு வைத்தால் பார்த்துக்கொள் என்றாள்.

இரவு மேஜர் இரண்டு வாய் கஞ்சி குடித்தது. விடியற்காலையில் தானாக எழுந்து, தள்ளாடித் தள்ளாடி அடுப்படி வாசல்வரை வந்து, வழக்கமான இடத்தில் படுத்துக்கொண்டது. ஹில்டா அன்று இரண்டு தடவை ஜெபமாலை சொன்னாள். இரண்டு தடவையும் அது குறட்டை விட்டது.

ஜோசப்ராஜுக்கு இரவு தூக்கம் இல்லை. காலை முதல் பஸ்ஸில் அம்பத்தூர் பிரஸ்ஸுக்கு ஓடினார். மலர் பைண்ட் ஆகிக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. படத்தின் மேல் காகிதம் ஒட்டிவிடலாமா என்று கேட்டார். ஒட்டலாம், ஆனால் செயலாளரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார்களே என்றார் பிரஸ்காரர். ஜோசப்ராஜ் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கட்டுகளை வேனில் ஏற்றச் சொன்னார்.

விழா நன்றாக நடந்தது. ஜி.எம். மலரை வெளியிட்டுவிட்டு, காப்பி குடிக்க நேரமில்லை என்று கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் பழைய காகிதத்தின் மேல், உண்ணி எவர் வீட்டுக்கும் வரலாம் என்று ஒரு புதுக் காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. அதில் கையெழுத்து இல்லை.

மலர் டைப் வித்தியாசமின்றி எல்லா வீட்டுக்கும் ஒன்று கொடுக்கப்பட்டது. மூன்றாம் பக்கத்தில், மனிதகுலத்தின் விடுதலை பற்றிய கட்டுரைக்கு மேலே, செயலாளரின் பக்கவாட்டுப் படம் இருக்கிறது. அச்சு சுத்தமாக வந்திருக்கிறது. இடது காதுக்குக் கீழே இருப்பது உண்ணி.